பன்றி வைரஸ்கள் தம் நொதிகளைத் தாமே சுமந்து வருவது ஏன்?

கேள்வி இது: "வைரஸ் என்பது செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் இயந்திரங்களை வைத்தே பெருகும் ஒட்டுண்ணி என்று படித்திருக்கிறோம். அப்படியானால் பன்றிகளைத் தாக்கும் வைரஸ்களுக்குச் சொந்த நொதிகள் எதற்கு? பன்றியின் செல்லில் இருப்பவை போதாதா?"

சில வைரஸ்களுக்குப் போதும், சிலவற்றுக்குப் போதவே போதாது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எந்த வைரஸிடமும் இல்லை; அந்த வேலைக்கு எல்லாமே பன்றியின் செல்லைத்தான் நம்பியிருக்கின்றன. மரபணுத் தொகுதியைப் படியெடுக்கும் வேலையில்தான் வேறுபாடு தொடங்குகிறது. கல்யாணச் சமையலுக்கு வரும் கோஷ்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோஷ்டி அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும். இன்னொருவர் இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிக்கொண்டு வந்து, வீட்டுச் சமையலறையிலேயே வேலையை முடித்துவிடுவார். யார் எதைக் கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்து, அந்த வீட்டில் எது இல்லை என்று ஊகித்துவிடலாம். வைரஸின் நொதிப் பட்டியலையும் நான் அப்படித்தான் படிப்பேன்: அது குடியேறும் செல்லில் எது கிடைக்காது என்பதன் பட்டியல் அது.

தொடங்கும் முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2009-இல் நம் நாளிதழ்கள் "பன்றிக் காய்ச்சல்" என்று எழுதியது மனிதரிடையே பரவிய இன்ஃபுளுயன்சா. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு, செவ்வியல் பன்றிக் காய்ச்சல் வேறு. இவை இரண்டும் மனிதரைத் தொற்றுவதில்லை. ஒன்றுக்கொன்று உறவும் இல்லை. முன்னது பெரிய டிஎன்ஏ வைரஸ், பின்னது சிறிய ஆர்என்ஏ வைரஸ். நோய்க்குறிகள் ஒத்திருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

கத்தியோடு மட்டும் வரும் சமையல்காரரிலிருந்து தொடங்கலாம். அவர் பன்றி சர்கோவைரஸ். 1974-இல் பெர்லினில், பன்றியின் சிறுநீரகத்திலிருந்து பெற்று ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட பிகே-15 என்ற செல் வரிசையில் அழையா விருந்தாளியாக இது முதலில் கண்டறியப்பட்டது. அந்த முதல் வகை நோய் உண்டாக்காதது. பால் மறந்த குட்டிகளை எலும்பும் தோலுமாக மெலியச் செய்யும் இரண்டாம் வகை 1990-களில்தான் அடையாளம் காணப்பட்டது. இதன் மரபணுத் தொகுதி ஒற்றை இழை டிஎன்ஏவால் ஆன ஒரு வளையம். நீளம் ஏறத்தாழ 1,768 எழுத்துகள் (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறேன்). பன்றியின் தொகுதியோ சுமார் 250 கோடி எழுத்துகள். இத்தனை சிறிய இடத்தில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்ற பெரிய நொதிக்கான மரபணுவை எங்கே வைப்பது? சர்கோவைரஸ் அதை வைத்துக்கொள்ளவே இல்லை. படியெடுப்பதற்கு அதனிடம் இருப்பது "ரெப்" என்ற புரதமும் அதன் குட்டைப் பதிப்பும் மட்டும்.

ரெப் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். வளையம் செல்லின் உட்கருவுக்குள் போனதும், பன்றியின் பாலிமரேஸே அதற்கு இணை இழையைப் போட்டு இரட்டை இழையாக்கிவிடுகிறது. வளையத்தில் ஓரிடத்தில் டிஎன்ஏ கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும். அதன் நுனியிலுள்ள ஒன்பது எழுத்துத் தொடரை ரெப் அடையாளம் கண்டு, ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது. வெட்டிய ஒரு முனையைத் தன்னுடைய டைரோசின் அமினோ அமிலத்தோடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. மறுமுனை தொங்கலாக நிற்கிறது. தொங்கும் முனையைக் கண்டால் அதை நீட்டுவதுதான் பன்றியின் பாலிமரேஸுக்குப் பழக்கம். அது பாட்டுக்கு வளையத்தைச் சுற்றி நீட்டிக்கொண்டே வர, பழைய இழை உரிந்து வெளியே வருகிறது. ஒரு சுற்று முடிந்ததும் ரெப் பழைய இழையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி விட்டுவிடுகிறது. சரியான இடத்தில் ஒரு வெட்டு, பிறகு ஒரு முடிச்சு. நடுவில் உள்ள உழைப்பெல்லாம் பன்றியுடையது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பன்றியின் பாலிமரேஸ் எல்லா நேரமும் வேலையில் இருப்பதில்லை; செல் தன் டிஎன்ஏவை இரட்டிக்கும் கட்டத்தில்தான் அது பரபரப்பாக இயங்கும். ஆகவே சர்கோவைரஸ் பிரியும் செல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் இதை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செல்கள் தட்டு முழுக்க நெருக்கமாகப் படர்ந்து, பிரிவதை நிறுத்திவிட்ட பிறகு வைரஸை ஊற்றினால் விளைச்சல் மோசமாக இருக்கும். 1980-களிலேயே, குளுக்கோசமைன் கொடுத்து இந்த வைரஸைத் தூண்டிவிடும் உத்தி கண்டுபிடிக்கப்பட்டது.

ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இந்தக் காத்திருப்பு உத்தி உதவாது. பன்றியின் செல் டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும். ஆனால் ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளமுள்ள ஓர் ஆர்என்ஏவைப் பார்த்து இன்னொரு ஆர்என்ஏ எழுதித் தரும் நொதி அதனிடம் இல்லை. எவ்வளவு நாள் காத்திருந்தாலும் கிடைக்காது. எனவே இந்த வகை வைரஸ்கள் எல்லாமே அந்த நொதிக்கான மரபணுவைக் கட்டாயம் வைத்திருக்கின்றன. செவ்வியல் பன்றிக் காய்ச்சல் வைரஸில் அதன் பெயர் என்எஸ்5பி. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: நொதிக்கான மரபணு இருந்தால் போதுமா, நொதியையே மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டுமா? செவ்வியல் பன்றிக் காய்ச்சல் வைரஸின் 12,300 எழுத்து ஆர்என்ஏவை ரைபோசோம் நேரடியாகப் படிக்கும். அதனால் வைரஸ் வெறுங்கையோடு உள்ளே வரலாம். முதலில் புரதம், பிறகு படி. பன்றி இன்ஃபுளுயன்சாவின் ஆர்என்ஏவோ தலைகீழாக எழுதப்பட்டது, ரைபோசோமுக்குப் புரியாது. அதனால் அந்த வைரஸ் பாலிமரேஸைத் துகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு, செல்லின் சொந்த ஆர்என்ஏக்களின் தலைப்பகுதியைப் பத்துப் பதினைந்து எழுத்து நீளத்துக்கு வெட்டியெடுத்துத் தன்னுடையவற்றுக்குத் தொப்பியாக மாட்டிவிடுகிறது. அப்படி வெட்டுவதும் அந்தப் பாலிமரேஸின் ஒரு பகுதிதான்.

இந்தப் பாலிமரேஸ்களின் தரம் நோயின் போக்கையே தீர்மானிக்கிறது. பிஆர்ஆர்எஸ் எனப்படும் நோய் பெண் பன்றிகளில் கருச்சிதைவையும் குட்டிகளில் மூச்சுத்திணறலையும் உண்டாக்குவது. இதன் வைரஸுக்குச் சுமார் 15,000 எழுத்துகள். என்எஸ்பி9 என்ற பாலிமரேஸ் அதை எழுதுகிறது. எழுதியதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மெய்ப்புப் பார்க்காமல் அச்சடிக்கும் அச்சகம் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தூரத்து உறவான, குட்டிகளைப் பேதியால் கொல்லும் கொரோனா வைரஸ் ஒன்று உண்டு; பெயர் பிஇடிவி, எழுத்துகள் சுமார் 28,000. இது என்எஸ்பி14 என்ற மெய்ப்புத் திருத்துநரைக் கூடவே வைத்திருக்கிறது. தவறாகச் சேர்ந்த எழுத்தை அந்த நொதி பின்னால் வந்து வெட்டியெறியும். இவ்வளவு நீளமான ஆர்என்ஏவை மெய்ப்பு இல்லாமல் காப்பாற்ற முடியாது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிஆர்ஆர்எஸ் வைரஸோ பிழைகளாலேயே வாழ்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிப்பட்ட இரு வகைகளின் எழுத்து ஒற்றுமை 60 சதவீத அளவுதான். ஒன்றுக்குப் போட்ட தடுப்பூசி மற்றதற்கு எதிராகத் தடுமாறுவதில் வியப்பில்லை.

இனி அண்டா குண்டாவோடு வரும் கோஷ்டி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கென்யாவில் கண்ட இந்த நோயைப் பற்றி 1921-இல் மாண்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் முதன்முதலாக விரிவாக எழுதினார். 1957-இல் அது லிஸ்பனை எட்டியது. 1960-இல் மீண்டும் போர்ச்சுகலில் தோன்றி ஸ்பெயினுக்குள் பரவி, அங்கே பல பத்தாண்டுகள் தங்கியது. 2007-இல் ஜார்ஜியா, 2018-இல் சீனா, 2020-இல் அசாமும் அருணாசலப் பிரதேசமும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இது உறுதிசெய்யப்பட்டது. இதன் நொதிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு மாட்ரிட் நகரிலிருந்து வந்தது. எலாடியோ வின்யுவேலா என்ற உயிர்வேதியியலாளரும் அவர் மனைவி மார்கரீத்தா சலாஸும் முதலில் ஃபை29 என்ற பாக்டீரியா வைரஸைச் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். சலாஸை எல்லோரும் "வின்யுவேலாவின் மனைவி" என்றே பார்த்ததால், அவர் தனக்கென்று பெயர் பெறட்டும் என்று வின்யுவேலா விலகி இந்தப் பன்றி வைரஸை எடுத்துக்கொண்டார். அவர் பிறந்த எஸ்த்ரெமாதுரா பன்றி வளர்ப்புக்குப் பேர்போன பகுதி. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் பிஏ71வி என்ற வைரஸ் வகையின் பெயரிலும் அந்த மண் இருக்கிறது: 1971-இல் அதே பகுதியிலுள்ள படாஹோஸில் எடுத்தது என்பதன் சுருக்கம் அது. 1995-இல் அதன் முழு எழுத்து வரிசையும் வெளியானது: 170,101 எழுத்துகள், 151 மரபணுக்கள்.

இந்த மரபணுக்களின் பெயர்கள் முதலில் மிரட்டும். ஓ174எல், ஜி1211ஆர், என்பி419எல் என்று கார் நம்பர் பிளேட்டைப் போல இருக்கும். ஆனால் அது நல்ல ஏற்பாடு. முதல் எழுத்து, டிஎன்ஏவை நறுக்கியபோது அந்த மரபணு எந்தத் துண்டில் இருந்தது என்று சொல்கிறது. எண், புரதத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் என்று. கடைசி எழுத்து, இடப்பக்கமா வலப்பக்கமா எந்தத் திசையில் படிக்க வேண்டும் என்று. ஜி1211ஆர் முதன்மைப் பாலிமரேஸ், 1,211 அமினோ அமிலங்கள். ஓ174எல் வெறும் 174. அந்தச் சின்னவரிடம் பிறகு வருகிறேன்.

வைரஸின் பெருக்கம் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், உட்கருவை ஒட்டி அமைக்கும் ஒரு "தொழிற்சாலை"யில் நடக்கிறது. செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ்கள் உட்கருவுக்குள் இருப்பதால் அங்கே உதவிக்கு வராது. எனவே வைரஸ் பல உறுப்புகள் கொண்ட தன் ஆர்என்ஏ பாலிமரேஸையும், ஆர்என்ஏவின் தலையில் தொப்பி போடும் நொதியையும், கடைசியில் வால் சேர்க்கும் நொதியையும் துகளுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வருகிறது. தூய்மையாக்கிய துகள்களைச் சோதனைக்குழாயில் வைத்து, தேவையான மூலப்பொருள்களைக் கொடுத்தாலே ஆர்என்ஏ தயாராகிறது என்று 1980-இல் காட்டினார்கள். காளான் நச்சான ஆல்ஃபா அமானிட்டின் செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸை முடக்கிவிடும். இந்த வைரஸின் நொதி அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. அதற்காக உட்கரு தேவையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உட்கரு நீக்கப்பட்ட செல்களில் இந்த வைரஸ் பெருகாது என்பது 1977-லேயே தெரிந்துவிட்டது. தொற்றின் தொடக்கத்தில் உட்கருவுக்குள் குட்டையான வைரஸ் டிஎன்ஏ துண்டுகளும் காணப்படுகின்றன.

அடுத்தது இடப் பிரச்சினையைவிடச் சுவையானது. இந்த வைரஸ் விரும்பிக் குடியேறும் செல் மேக்ரோஃபேஜ். கிருமிகளை விழுங்கிக் கொல்லும் காவல் செல். காவல் நிலையத்திலேயே குடித்தனம் நடத்தும் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் இரண்டு தொல்லைகள். முதலாவது, முதிர்ந்த மேக்ரோஃபேஜ் பிரிவதில்லை. பிரியாத செல்லில் டிஎன்ஏ எழுதத் தேவையான நியூக்ளியோடைடுகளின் கையிருப்பு மிகக் குறைவு. ஆகவே வைரஸ் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ், தைமிடின் கைனேஸ், தைமிடிலேட் கைனேஸ் என்று மூலப்பொருள் தயாரிக்கும் நொதிகளையே வைத்துக்கொண்டிருக்கிறது. அரிசி கிடைக்காத ஊருக்கு நெல்லோடும் உரலோடும் வருவது போல. அதோடு இ165ஆர் என்ற டியூடிபேஸ்: டிஎன்ஏவில் தைமினுக்குப் பதில் யுராசில் சேர்ந்துவிடாமல் அந்தத் தவறான மூலப்பொருளை உடைத்துப்போடுவது இதன் வேலை.

இரண்டாவது தொல்லை, மேக்ரோஃபேஜ் கிருமிகளைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் வேதிப்பொருள்களைத் தயாரிக்கிறது. அவை வைரஸின் டிஎன்ஏவையும் அரிக்கும். இதற்காகப் பழுதுபார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. பழுதான எழுத்து நீங்கிய இடத்தில் டிஎன்ஏவின் முதுகெலும்பை இ296ஆர் வெட்டித் திறக்கிறது. அந்த ஓர் எழுத்து இடைவெளியை ஓ174எல், அதாவது பாலிமரேஸ் எக்ஸ், நிரப்புகிறது. என்பி419எல் என்ற லைகேஸ் விட்டுப்போன இணைப்பை ஒட்டிவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அழகான சோதனை இருக்கிறது. 1999-இல் டியூடிபேஸ் மரபணுவை நீக்கிய வைரஸைக் குரங்குச் சிறுநீரகச் செல்களான வீரோ செல்களில் வளர்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அதே வைரஸைப் பன்றியின் மேக்ரோஃபேஜில் விட்டபோது பெருக்கம் சரிந்தது. பழுதுபார்க்கும் இ296ஆர் நொதியை நீக்கியபோதும் இதே கதைதான். பிரியும் செல்லில் இந்த நொதிகள் வீண்சுமை. மேக்ரோஃபேஜில் அவையில்லாமல் குடித்தனம் நடக்காது. வீரோ செல்லில் மட்டும் சோதித்துவிட்டு "இந்த மரபணு தேவையற்றது" என்று எழுதும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

பாலிமரேஸ் எக்ஸுக்குத் தனியாக ஒரு பத்தி தர வேண்டும். பாலிமரேஸ்களை வலது கையாக வருணிப்பது வழக்கம்: உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல். நம் உடலில் இதே வேலையைச் செய்யும் பாலிமரேஸ் பீட்டாவுக்கு 335 அமினோ அமிலங்கள். வைரஸின் நொதியில் உள்ளங்கையும் கட்டைவிரலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அறியப்பட்ட டிஎன்ஏ பாலிமரேஸ்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. 2001-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு, இது ஜி எழுத்துக்கு எதிரே சி வைக்க வேண்டிய இடத்தில் ஜியையே ஏறக்குறைய அதே திறமையோடு வைக்கிறது என்று காட்டியது. லைகேஸும் தவறான இணையைக் கண்டுகொள்ளாமல் ஒட்டிவிடுகிறது. ஆக, வைரஸ் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றொரு கருத்து பிறந்தது. மாட்ரிட் குழு இதை ஏற்கவில்லை. செல்லில் உண்மையாக இருக்கும் வகையான இடைவெளியைக் கொடுத்தால் இந்த நொதி ஒழுங்காகவே வேலை செய்கிறது என்றார்கள். நான் மாட்ரிட் பக்கம்தான். காரணம், 2007-இல் ஜார்ஜியாவில் எடுத்த வைரஸையும் 2018-இல் சீனாவில் எடுத்ததையும் ஒப்பிட்டால், பதினோரு ஆண்டு இடைவெளிக்கு வேறுபாடுகள் மிகச் சொற்பம். பிழையை விரும்பி விதைக்கும் வைரஸின் கணக்கு இப்படி இருக்காது.

மற்ற நொதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்273ஆர் ஒரு புரதவெட்டி. பெரிய இரு புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் நறுக்கி, துகளின் உள்கூட்டை அமைக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் பார்வைக்குத் துகள் உருவாகும், தொற்றும் திறன் இருக்காது. பி1192ஆர் டிஎன்ஏவின் முறுக்கைப் பிரித்துவிடும் டோபோஐசோமரேஸ். விலங்கு வைரஸ்களில் அபூர்வமான சொத்து. பாக்டீரியாவின் இதே வகை நொதியைத் தாக்கும் ஃபுளுரோகுயினலோன் மருந்துகள் சில, ஆய்வகச் செல்களில் இந்த வைரஸையும் அடக்கியிருக்கின்றன. அதைக் கேட்டதும் "அப்படியானால் பண்ணைப் பன்றிகளுக்கு ஊசி போடலாமே" என்று நினைக்க வேண்டாம். ஆய்வகத் தட்டு வேறு, காய்ச்சலில் கிடக்கும் பன்றி வேறு. அதோடு, தொற்று உறுதியானால் பண்ணைப் பன்றிகளைக் கொன்று புதைப்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டம். மருந்து கொடுத்து உயிரோடு வைத்திருக்க இடமே இல்லை.

நொதியைப் பற்றிய அறிவு பண்ணைக்கு உண்மையாகவே பயன்பட்டது தடுப்பூசியில்தான். அவுயெஸ்கி நோயை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் பன்றியின் நரம்பு செல்களில் ஒளிந்து வாழ்வது. நரம்பு செல்லும் பிரியாது. எனவே மேக்ரோஃபேஜில் பார்த்த அதே பஞ்சம். அதே தைமிடின் கைனேஸ் தேவை. அமெரிக்காவில் சால் கிட் என்பவர் இந்த ஒரு நொதிக்கான மரபணுவை நீக்கினார். வைரஸ் பிரியும் செல்களில் பெருகி நோய் எதிர்ப்பைத் தூண்டியது. நரம்பில் பெருக முடியாமல் நின்றது. 1986-இல் உரிமம் பெற்ற அந்தத் தடுப்பூசிதான், மரபணு நீக்கி உருவாக்கிய உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளில் முதலாவது.

அப்படியானால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் அதே தைமிடின் கைனேஸை (அதன் மரபணுவின் பெயர் கே196ஆர்) எடுத்துவிட்டால் போதுமே? செய்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், ஜார்ஜியா வகை வைரஸிலிருந்து அந்த மரபணுவை நீக்கியபோது அது பன்றிகளைக் கொல்லவில்லை. ஆனால் அதே பன்றிகளுக்குப் பின்னர் வீரியமான வைரஸைச் செலுத்தியபோது பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவுயெஸ்கி வைரஸுக்கு நரம்பைத் தவிர வேறு செல்களிலும் பெருக இடமிருந்தது. இதற்கோ மேக்ரோஃபேஜ்தான் முதன்மையான வீடு. அங்கேயே பெருக முடியாமல் போனதால், பன்றியின் உடல் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட வைரஸ் தலைகாட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன். 2022-இல் வியட்நாம் முதன்முதலாக அனுமதித்த தடுப்பூசியில் நீக்கப்பட்டிருப்பது ஐ177எல் என்ற மரபணு. மேலே சொன்ன நொதிகளில் எதுவும் அல்ல.